சப்பாத்துக்கு ஒரு இஸ்டோர்

ஏண்டா பேரா, அந்தச் சப்பாத்தச் சுட்டுத் திங்கப் போறியா, கால்ல போடப் போறியா? மொதல்ல அதச் சொல்லு. திங்கிறதுன்னா உப்பும் மொளகாத்தூளும் தடவிட்டு வாட்டு. கால்ல போடுறதுன்னா அடுப்ப விட்டுத் தள்ளி வை. அடி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது பாரு. ஞாயித்துக்கெழம மேட்ச்சுல ஒன்னைய எறக்குறாங்களோ இல்லியோ, இது எறங்காது.

கோவிச்சுக்காத, ஒக்காரு. ஒங்கப்பனும் ஒன் வயசுல இதே வேலயத்தான் செஞ்சான். அவனுக்கும் நான்தான் சொன்னேன். அவன் கேக்கல. நீயும் கேக்கப் போறதில்ல. ஆனாலும் சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது.

இந்தச் சப்பாத்துக்கு அடிய ஆணியடிச்சா ஒட்டியிருக்கான்? பசை போட்டு ஒட்டியிருக்கான். அறுபது எழுபது டிகிரி சூடு கண்டாலே அந்தப் பசை எளகிரும். அடுப்புக் கல்லு அதவிடப் பெரிய ஆளு. மேல இருக்கிறது தோலுன்னா இன்னும் மோசம். ஈரத்தோட சூடு பட்டதும் சுருங்கி வெறச்சுப் போகும், அப்புறம் நீ எவ்வளவு எண்ண தடவுனாலும் பழைய நெலமைக்கு வராது. இவ்வளவு பண்ணியும் உள்ள காஞ்சிருக்கான்னு வெரல விட்டுப் பாரு. நுனியில பஞ்சு ஊறிப்போய்க் கெடக்கும். நெருப்பப் பாத்த பக்கம் கருகுது, பாக்காத பக்கம் நனஞ்சே கெடக்குது. நடுவுல நீ ஒருத்தன் விசிறிக்கிட்டு நிக்கிற.

கஹவத்தையில பொறந்து வளந்துட்டு ஒரு பொருளக் காயவைக்கத் தெரியலன்னு வெளிய சொல்லிராத. நாலு பேரு காறித் துப்புவாங்க. இரத்தினபுரி டவுன்ல வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்குக் கொறயாமப் பெய்யிற மழைக்குப் பக்கத்துல குடியிருக்கோம். மே மாசம் தென்மேற்குக் காத்து அடிச்சா செப்டம்பர் வரைக்கும் கொடியில போட்ட துணி கொடியிலயே பூஞ்சணம் பிடிக்கும். 2003 மே மாச வெள்ளம், 2017 மே மாச வெள்ளம், ரெண்டுலயும் களுகங்கை எங்க வரைக்கும் வந்துச்சுன்னு ஒங்க பாட்டியக் கேளு. அந்த மழைக்கு நடுவுல உக்காந்துதான்டா நம்ம ஆளுங்க நூறு வருஷத்துக்கு மேல ஒரே ஒரு வேல பாத்தாங்க: ஈரமா இருக்கிற எலயக் காயவைக்கிறது. அதுவும் கருக்காம.

இஸ்டோருக்குள்ள, அதான் தேயிலை பேக்டரிக்குள்ள, போயிருக்கியா? போயிருக்க மாட்ட. வாசல்ல நின்னு வாசம் பிடிச்சுட்டு ஓடி வந்திருப்ப. நான் வாட்டு மாடியில ராத்திரி ராத்திரியா நின்னவன், கேட்டுக்க. மலையில இருந்து வர்ற கொழுந்துல முக்கால் பங்குக்கு மேல தண்ணி. நாலரை கிலோ கொழுந்து போட்டாத்தான் ஒரு கிலோ தூள் கெடைக்கும்னா மிச்சம் எங்க போச்சு? காத்துல போச்சு. ஆனா அத நேரா ட்ரையர்ல தள்ளி விடுறதில்ல. மொதல்ல நீளமான தொட்டியில கம்பி வலை மேல பரப்பி, அடியில இருந்து ஃபேன் வச்சு ஊதுறாங்க. பன்னெண்டு, பதினாலு மணி நேரம் சும்மா ஊதிக்கிட்டே இருக்கணும். கை வச்சுப் பாத்தா எல தொவண்டு போயிருக்கணும், மொறுக்குன்னு ஒடையக் கூடாது. அதுக்கப்புறம் ரோலர், அதுக்கப்புறம் புளிக்க வைக்கிறது, கடைசியிலதான் தொண்ணூறு டிகிரிக்கு மேல சூட்டுக்காத்து. அதுவும் இருபது நிமிஷம் சொச்சம். தூள் வெளிய வர்றப்ப நூத்துக்கு மூணு பங்கு ஈரந்தான் மிச்சம் இருக்கும்.

நீ என்னா பண்ணுன? மொத நிமிஷத்துலயே கடைசி வேலயச் செஞ்ச.

வாட்டு மாடியில செவுத்துல ரெண்டு தெர்மாமீட்டர் தொங்கும். ஒண்ணு சும்மா இருக்கும். இன்னொண்ணோட அடியில ஈரத்துணி சுத்தியிருக்கும். காத்து காஞ்சிருந்தா துணித் தண்ணி ஆவியாகி அந்தப் பக்கம் சூடு எறங்கும். ரெண்டுக்கும் நடுவுல நாலு டிகிரி வித்தியாசம் காட்டுனா டீமேக்கர் நிம்மதியா வெத்தல போடுவாரு. மழை நாள்ல வித்தியாசம் ஒண்ணு, ஒண்ணரைன்னு எறங்கிரும். அப்ப ட்ரையர் அடுப்புப் பக்கமிருந்து கொஞ்சூண்டு சூட்டுக்காத்த ஃபேனோட கலந்து விடச் சொல்லுவாரு. கொஞ்சூண்டுதான். எலயப் பொசுக்குறதுக்கில்ல, காத்தோட ஈரப் பசியக் கெளப்பி விடுறதுக்கு.

ஒனக்கு ரெண்டு தெர்மாமீட்டர் வாங்க வக்கில்லன்னு தெரியும். அடுப்பங்கரையில உப்பு டப்பா இருக்குல்ல? அதத் தெறந்து பாரு. உப்பு கசிஞ்சு ஈரமாக் கெடந்தா காத்துல ஈரம் நூத்துக்கு எழுபத்தஞ்சுக்கு மேலன்னு அர்த்தம். கல்லா இருக்கிற உப்பு அந்தக் கணக்குக்கு மேல போனாத்தான் தண்ணி விடும். படிச்ச புள்ள நீ, இது சயின்ஸ் பாடத்துல வருமே. வரலன்னா மிஸ்ஸக் கேளு, என் பேரச் சொல்லாத.

இப்ப ஒரு வம்புக் கேள்வி. கொழுந்துக்கு மூணு மாடி கட்டி, நாலு பக்கமும் ஜன்னல் வச்சு, ஒரு தொட்டிக்கு ஒரு ஃபேன் போட்டு, வாட்டம் கூடுச்சா கொறஞ்சுச்சான்னு ராத்திரி முழுக்க ஆள் வச்சுப் பாத்தாங்க. அந்தக் கொழுந்தக் கொட்டுற மழையில பறிச்சுக்கிட்டு வந்தவளோட சீலைக்கு என்னா வச்சாங்க? பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல ஒரு கொடி. ஒரு அடுப்பு. ஈரப் படங்கு ஒரு பக்கம், ஈரக் கம்பளி ஒரு பக்கம், நடுவுல புள்ளைங்க. அந்தப் புத்திதான்டா ஒங்கிட்டயும் வந்திருக்கு. ஈரம்னா அடுப்புக்குக் கொண்டு போ. வேற வழி நமக்கு யாரும் காட்டல. வேற வழியத் தெனம் தெனம் கையாலயே செஞ்சுக்கிட்டிருந்தோம், வேற ஒருத்தனோட எலைக்கு.

எங்க காலத்துல ஒருத்தன் ராத்திரி ஷிப்ட்டுக்கு நனஞ்ச கம்பளியோட வந்து, யாரும் பாக்காத நேரத்துல வாட்டுத் தொட்டி ஓரத்துல விரிச்சுப் போட்டான். விடியிறதுக்குள்ள கம்பளி பட்டு மாதிரி காஞ்சிருச்சு. ஆனா வாடுற கொழுந்து பக்கத்துல இருக்கிற வாடையெல்லாம் இழுத்துக்குமே. மறு நாள் டீமேக்கர் தேத்தண்ணிய வாயில வச்சாரு, துப்புனாரு, மறுபடி வச்சாரு, மாடியப் பாத்தாரு. அது யாருன்னு கேக்காத. கம்பளி செகப்புக் கரை போட்டது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது.

ஒங்க சித்தப்பன் கனடாவுல இருந்து வீடியோ அனுப்பியிருக்கான்னு காட்டுனியே, நானும் பாத்தேன். அங்க புள்ளைங்க ஐஸ் மேல ஹாக்கி வெளையாடுதுங்க. வீட்டுக்கு வந்தா மூட்ட மூட்டயா நனஞ்ச சாமான். அப்பன்மாரு வெள்ளப் பைப்ப வெட்டி ஒட்டி மரம் மாதிரி நிறுத்தி, ஒவ்வொரு கெளையிலயும் ஒரு கிளவுஸ், ஒரு பூட்ஸுன்னு மாட்டி, அடியில ஃபேன் வச்சு ஊதுறாங்க. நல்ல வேலதான், கொற சொல்ல மாட்டேன். ஆனா அப்படியே பாத்து இங்க செஞ்சுராத. பனிக்காலத்துல அவங்க வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடி காத்து காஞ்சு கெடக்கும், ஒதடு வெடிக்கும். அந்தக் காத்த எதுல ஊதுனாலும் காயும். இங்க மழைக்காலத்துக் காத்தே பாதி தண்ணி. அத ஈரச் சப்பாத்துக்குள்ள ஊதுனா ஈரத்துக்கு ஈரம் விருந்து வச்ச கதைதான். காயாதுன்னு சொல்லல, காயும். விடியிறதுக்குள்ள காயாது.

அதனால நம்ம இஸ்டோர் வழியிலயே போவோம். பழைய தேயிலைப் பெட்டி ஒண்ணு வேணும். ஒட்டுப்பலகைப் பெட்டி, உள்ள ஈயத்தாள் மாதிரி பளபளன்னு ஒட்டியிருக்கும். இப்பெல்லாம் தூளு கடதாசிச் சாக்குல போகுது, பெட்டியெல்லாம் கோழிக்கூடா ஆயிருச்சு. மேட்டு லயத்துல கேட்டுப் பாரு. கோழியோட தராதேன்னு சொல்லு. கெடைக்கலன்னா அந்த அளவுக்கு எந்தப் பலகைப் பெட்டியும் போதும், இடுக்குல காத்து கசியாம டேப் ஒட்டணும்.

மூடியில ஆறு ஓட்ட போடு. நாலு சப்பாத்துக்கு, ரெண்டு ஒன் கீப்பர் கிளவுஸுக்கு. ஓட்டைக்குள்ள எறங்குற மாதிரி எஸ்லோன் பைப்புத் துண்டு, சப்பாத்துக்கு ஒரு சாண் உசரம் போதும். மேல் நுனியச் சாய்வா அறுத்து விடு. நேரா அறுத்தா சப்பாத்தோட உள் அடி வந்து பைப்பு வாயப் பொத்திக்கும், காத்து போக வழியில்லாம ஃபேன் மட்டும் மொனகிக்கிட்டு இருக்கும். கிளவுஸ் பைப்புல மேல் பாதியில சுத்தி சின்னச் சின்ன ஓட்ட. வெரலுக்கு வெரல் காத்து போகணுமில்ல. பெட்டிக்கு அடியில ஒரு மூலையில ஒரு ஓட்ட, அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்வா இருக்கிற மாதிரி எதிர்ப்பக்கம் ஒரு செங்கல்லு. சொட்டுற தண்ணி வெளிய போகணும்.

ஃபேனுக்கு வருவோம். நீ ஒடனே கம்ப்யூட்டர் கடையில கெடக்கிற சதுர ஃபேன் ஒண்ணத் தூக்கிக்கிட்டு வருவ. அது வெட்ட வெளியில நல்லா ஊதும். குறுகலான பைப்புக்குள்ள தள்ளச் சொன்னா மூச்சு வாங்கும். நத்தை ஓடு கணக்கா சுருண்ட ஒரு ப்ளோவர் வரும் பாரு, உள்ள உருளையில வளஞ்ச தகடு வரிசையா இருக்கும், அது வாங்கு. அது எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா? பெல்ஃபாஸ்ட்டுப் பக்கத்துச் சாமுவேல் டேவிட்சன்னு ஒரு வெள்ளக்காரப் பையன், 1864ல அசாம் பக்கம் கச்சார்ல தேயிலத் தோட்டத்துக்கு வேல பழக வந்தான். அப்பெல்லாம் கரி அடுப்பு மேல தட்டு வச்சு எலய வறுத்துக்கிட்டிருந்தாங்க, நீ சப்பாத்த வச்ச மாதிரியே. பையனுக்கு மனசு கேக்கல. சூட்டுக்காத்த இழுத்து எல வழியா விடுற மெஷின் செஞ்சான். ஊருக்குத் திரும்பி 1881ல 'சிரோக்கோ'ன்னு பேரு போட்டுப் பட்டறையே தொறந்துட்டான். அந்த மெஷின் இந்தியா, இலங்கை எல்லாம் வந்து எறங்குச்சு. இன்னும் வேகமாக் காத்து வேணும்னு யோசிச்சு யோசிச்சு 1898ல முன்பக்கம் வளஞ்ச சின்னத் தகடு நெறைய வச்ச அந்தச் சக்கரத்தக் கண்டுபிடிச்சான். கப்பலுக்கும் சொரங்கத்துக்கும் போச்சு. இன்னைக்குக் காருக்குள்ள, லேப்டாப்புக்குள்ள சுத்துது. ஆக, ஒன் சப்பாத்துக்குள்ள ஊதப் போறதும் தேயிலைக்காகப் பொறந்த காத்தாடிதான். நம்ம ஆளுங்க வேர்வையிலயும் அதுல ஒரு பங்கு இருக்கு, பேடண்ட்டுல பேருதான் இல்ல.

ப்ளோவர் மேல 12 வோல்ட்டுன்னு போட்டிருந்தா, பழைய ரவுட்டர் சார்ஜர் போதும், அதுலயும் 12ன்னு இருக்கணும். சார்ஜர்ல எழுதியிருக்கிற ஆம்பியர் ப்ளோவரோட ஆம்பியருக்குக் கொறயக் கூடாது. பெட்டியோட பக்கப் பலகையில, அடியில இருந்து ஒரு முழம் மேல மாட்டு. கீழ மாட்டுனா சொட்டுற தண்ணியில குளிச்சிரும்.

சூட்டுக்காத்துக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு. பழைய காலத்துச் சூடாகுற பல்பு. எல்ஈடி மாட்டிட்டு ‘தாத்தா சூடே வரல’ன்னு ஓடி வராத. இந்தப் பல்பு பெட்டிக்குள்ள இருக்கக் கூடாது, கேட்டியா? மேலருந்து ஒரு சொட்டு விழுந்தா பட்டுன்னு வெடிக்கும். ரெண்டு பக்கமும் வாய் தெறந்த பிஸ்கட் டின்னுக்குள்ள, ப்ளோவர் காத்து இழுக்கிற வாய்க்கு வெளிய இருக்கட்டும். காத்து பல்பத் தடவிக்கிட்டு உள்ள போகும். நாலஞ்சு டிகிரி கூடும். அவ்வளவுதானான்னு மூஞ்சியச் சுளிக்காத. இருபத்தஞ்சு டிகிரியில நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு ஈரத்தோட இருக்கிற காத்து, முப்பது டிகிரிக்குப் போனா எழுபது சொச்சத்துக்கு எறங்கிரும். உப்பு கசியிறது நின்னு போகும். டீமேக்கர் கேட்டதும் அந்த நாலு டிகிரிதான.

இந்தப் பல்பு வேலய மட்டும் நீ செய்யாத. ஒன் கையி பந்து பிடிக்கவே நடுங்குது. வயர்மேன் ஒருத்தரக் கூப்பிட்டு, பீங்கான் ஹோல்டர் போட்டு, டின்னுக்கு எர்த் வயர் குடுத்து, ட்ரிப் சுவிட்ச் இருக்கிற லைன்ல இருந்து எடுக்கச் சொல்லு. லயத்து வயரிங்க பத்தி நான் ஒண்ணும் பேசல, பல்லி ஓடுனாலே லைட்டு மினுக்குது. ட்ரிப் சுவிட்ச் இல்லன்னா பல்பே வேணாம், வெறும் காத்துல காயட்டும், ஒரு ராத்திரி கூட ஆகும். அவ்வளவுதான. கரண்ட் பில்லுக்குப் பயப்படாத. பல்பும் ப்ளோவரும் எட்டு மணி நேரம் ஓடுனாலும் அரை யூனிட்டத் தொடாது.

ஒங்க அக்காவோட முடி காயவைக்கிற மெஷினப் பைப்புல சொருகலாமான்னு கேக்க வாயெடுக்கிற, தெரியுது. சொருகு. பைப்பு எளகி வளையும், அக்கா வந்து ஒன்னைய வளைப்பா.

கிளவுஸு வேற கத. கீப்பர் கிளவுஸோட உள்ளங்கை ரப்பர் பால்ல செஞ்ச நுரை. ஒங்க பாட்டி ரப்பர்ப் பால் வெட்டுன கையி, அந்த ரப்பரப் பத்தி ஒனக்கு நான் சொல்லணுமா? ‘ரப்பர் சீட்ட நாலஞ்சு நாள் புகை போட்டுத்தான காயவைக்கிறாங்க, கிளவுஸுக்கு என்னா’ன்னு நீ கேப்ப. அது கெட்டிச் சீட்டு. புகை போடுறது பூஞ்சணம் பிடிக்காம இருக்க. ஒன் கிளவுஸு நுரை. வெயில்லயோ சூட்டுலயோ போட்டா மேல்தோலு பிசுபிசுன்னு ஆகி அப்புறம் உதுந்து போகும், பந்து நழுவும், பழி மழை மேல போட்டுருவ. வெதுவெதுப்பான தண்ணியில சேறு போக அலசு. முறுக்கிப் பிழியாத, உள்ளங்கையால அமுக்கி விடு. பல்புலருந்து ரொம்பத் தள்ளியிருக்கிற பைப்புல மாட்டு. எலும்பு காயிற மாதிரி காயவும் வேணாம். உள்ளங்கை லேசா ஈரமா இருந்தாத்தான் பந்து ஒட்டும், மேட்ச்சுக்கு முன்னாடி நனச்சுக்கிறது அதுக்குத்தான்.

சப்பாத்த அப்படியே கொண்டு வந்து பைப்புல கவுத்தாத. அட்டை ஏதும் உள்ள உக்காந்திருக்கான்னு பாரு, அதுக்கும் சூட்டுக்காத்து இதமாத்தான் இருக்கும். சேத்தச் சொரண்டு, கயித்த அவுத்து நாக்க வெளிய இழு, உள்ள இருக்கிற மெத்தைய எடுத்துத் தனியா வை. அப்புறம் பேப்பரக் கசக்கி நுனி வரைக்கும் திணி. அர மணிக்கொருக்கா மாத்து. தண்ணியில பெரும் பங்கு அதுலயே வந்துரும், பெட்டிக்கு மிச்சந்தான் வேல. எந்தப் பேப்பர் நல்லதுன்னா, தோட்டத்துச் சம்பளம் கூடப் போகுதுன்னு கொட்ட எழுத்துல வந்த பக்கமாப் பாத்து எடு. வருஷத்துக்கு நாலு தடவ வரும், தட்டுப்பாடு கெடையாது. நல்லா உறிஞ்சும்.

காஞ்சாத்தான் நாத்தமும் போகும். நாத்தம் கால்ல இல்ல, ஈரத்துல பெருகுற கிருமியில இருக்கு. சேத்துப்புண்ணும் அந்த வழிதான். கால்ல வெட்டுப் பட்டு தேங்கின தண்ணியில நின்னா நம்ம மாவட்டத்துல எலிக்காய்ச்சல் வேற பின்னாடியே வரும், அதுக்குப் பெட்டி உதவாது, பி.எச்.ஐ. மாத்திர குடுத்தா முழுங்கு.

பெட்டிய இஸ்தோப்புல வை, சாரல் படாத மூலையில. ஒனக்குன்னு செஞ்ச பெட்டின்னு நெனச்சு நெஞ்ச நிமித்தாத. ஆறு பைப்புல ரெண்டு ஒன் தங்கச்சியோட வெள்ளச் சப்பாத்துக்கு. ஈரச் சப்பாத்தோட ஸ்கூலுக்குப் போயி அவ இருமுறத நீ கேக்கல, நான் கேக்கிறேன். ரெண்டு, ஒங்கம்மா அட்டைக்குப் பயந்து மலைக்குப் போட்டுக்கிட்டுப் போற நீள சொக்ஸுக்கு. மிச்சம் ரெண்டுல ஒன் சப்பாத்தக் காயவை. கிளவுஸு? அதுக்கு நாளைக்கு முறை வரும். அதுக்குள்ள பொறுக்கலன்னா இன்னொரு பெட்டி செய். அதுக்குத்தான மேட்டு லயத்துல கோழி இருக்குன்னு சொன்னேன்.

சரி, கெளம்பு. எஸ்லோன் பைப்பு வாங்க டவுனுக்குத்தான போற? அளவு எழுதிக்கிட்டுப் போ, போன தடவ மாதிரி வெறுங்கைய விரிச்சுக் காட்டிக்கிட்டே பஸ்ஸுல போகாத. வர்றப்ப வெத்தல ஒரு கட்டு. பாக்கு இருக்கு. காசு ஒங்கப்பங்கிட்ட வாங்கிக்க, ஒன் வயசுல அவன் கருக்குன சப்பாத்துக்குக் காசு குடுத்தவன் நான்தான்.